ஒரு கப்பலுக்கு இரண்டு பேர்

என் மகன் பெங்களூரில் வீடியோ கேம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் குழு ஒரே விளையாட்டின் அடுத்தடுத்த பாகங்களைச் செய்கிறது. வானத்தில் ஒரு கப்பல் போகும், எதிரிக் கப்பல்கள் வரும், சுட வேண்டும். முதல் பாகத்தில் நான்கு வகைத் துப்பாக்கி, இரண்டாம் பாகத்தில் பதினொன்று. மூன்றாம் பாகத்தில் என்ன புதிதாகச் செய்யலாம் என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது.

இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த விளையாட்டின் இரண்டு பாகங்களையும் கடைசிவரை ஆடி முடித்தவள் என் மனைவி. மகன் ஒவ்வொரு கட்டத்தையும் செய்ததும் முதலில் அம்மாவின் போனுக்குத்தான் அனுப்புவான். "எங்கம்மாவுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்" என்று ஆபீசில் சொல்வானாம். அதை அவள் பெருமையாகவும் எடுத்துக்கொண்டாள், வசவாகவும் எடுத்துக்கொண்டாள்.

மதியம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பொம்மிடி ஸ்டேஷனைப் பார்த்த ஜன்னலருகே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். இடது கட்டைவிரல் கப்பலை ஓட்டும். வலது கட்டைவிரல் சுடும். சின்ன எதிரிகளுக்குக் குளவி என்று பெயர் வைத்திருந்தாள். கட்டத்தின் முடிவில் வரும் பெரியதற்கு டேங்கர் என்று பெயர். தொப்பூர் கணவாயில் பஸ்ஸுக்குப் பின்னால் இறங்கி வரும் டேங்கர் லாரி மாதிரியே அது வருகிறது என்பாள். கப்பலைக் கப்பல் என்று அவள் சொன்னதே இல்லை. வண்டி என்றுதான் சொல்வாள்.

நான் புள்ளியியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்து மாடு, கிணறு, மாமரம் எல்லாம் எண்ணியிருக்கிறேன். எண்ணாவிட்டால் எனக்கு ஏதோ கைவிட்டுப் போவது போல இருக்கும். அவள் ஆடும்போது பின்னால் நின்று குளவிகளை எண்ணுவேன்.

"இருவத்திமூணு போச்சு. இன்னும் ஒம்பது."

"ஏங்க, முதுகுக்குப் பின்னால நின்னு கூட்டல் போடாதீங்க. போயி அந்த மாடிப்படிய எண்ணுங்க."

"அது பதினாறு. அதத்தான் எண்ணியாச்சே."

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது கால் ஓரளவு திரும்பியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சில் கொஞ்சம் வழுக்கல், அதுவும் சீக்கிரம் சரியாகிவிட்டது. இடது கை மட்டும் வரவில்லை. யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பயிற்சி கொடுக்க தர்மபுரியிலிருந்து ஒருவர் வருவார். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். போகும்போது வாசலில் என்னிடம் தனியாகச் சொன்னார். "கை வரும் சார். ஆனா அவங்க அதுக்கு வேல குடுக்கணும். சும்மா வெச்சிருந்தா வெரலெல்லாம் மடங்கிப் போயிரும். அவங்களுக்கா ஆச வரணும்."

ஆசை எங்கிருந்து வரும்? பந்தை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு எதிர்வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டாள். கேட்டதற்கு, "அது நல்லாப் புடிக்குது பாருங்க" என்றாள். போனை அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மதியங்களில் ஜன்னல் வழியே ரயில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டிகளை எண்ணினேன். அவளுடைய விரல்களையும் தினமும் பார்ப்பேன். சுண்டுவிரல் முதலில் மடங்க ஆரம்பித்தது.

மகன் ஒரு சனிக்கிழமை வந்தான். அம்மாவுக்காகவே விளையாட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். ஒரு கையால் ஓட்டினால் போதும், துப்பாக்கி தானாகச் சுடும். அவள் ஒரு கட்டம் ஆடினாள். பிறகு போனை அவன் பக்கம் தள்ளினாள்.

"தானா சுடற துப்பாக்கிக்கு நான் எதுக்கு சாமி?"

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இன்னொரு மாற்றம் செய்தான். இப்போது குளவிகள் மெதுவாக வந்தன. ஒவ்வொன்றாக, இடம் விட்டு. அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"இதுங்க என்னயப் பாத்துப் பாவப்படுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தவங்க மாதிரி வருதுங்க. வேணாம், வுடு."

அவன் முகம் வாடிவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது வேறு பேச்சு பேசுவது போல ஆபீஸ் விஷயம் சொன்னான். மூன்றாம் பாகத்தில் நாற்பது துப்பாக்கி வைக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்களாம்.

"நாலு, பதினொன்னு, நாப்பது" என்றேன். "இதே வேகத்துல போனா அஞ்சாவது பாகத்துல ஐநூறு வரும். அத்தனையும் அழுத்த வெரலுக்கு எங்கடா போறது?"

"அதாம்பா. பெருசாக்கறதத் தவிர வேற யாருக்கும் ஒன்னும் தோண மாட்டேங்குது. எனக்கும் தோணல."

அடுத்த வாரம் ஒரு மதியம் கரண்டு போய்விட்டது. டிவி இல்லை, மின்விசிறி இல்லை, ரயிலும் வரவில்லை. நான் போனை எடுத்துவந்து அவளுடைய இடதுபக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பழைய இரண்டாம் பாகத்தைத் திறந்தேன். போனின் இடது ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். வலது ஓரத்தை அவள் பக்கம் நீட்டினேன்.

"என்னாங்க இது?"

"நான் ஓட்டறேன். நீ சுடு."

"நீங்களா? ஸ்கூட்டரையே ரெண்டாவது கியருக்கு மேல போடாத ஆளு."

ஆனாலும் வலது கட்டைவிரலை வைத்தாள். நாங்கள் உடனே செத்துப்போனோம். மறுபடி தொடங்கினோம், மறுபடியும் அதேதான். குளவி வந்தால் நான் கப்பலை மூலைக்குக் கொண்டுபோய் ஒளித்துவிடுவேன். மூலையிலிருந்து அவளால் எதையும் குறி வைக்க முடியாது. நான் நகரும் முன்பே அவள் சுட்டுத் தீர்த்துவிடுவாள். குண்டுகள் வெறும் வானத்தில் போகும்.

"மூலைல என்னா இருக்குது? கூலிக்காரன் மதியத் தூக்கத்துக்குப் போற மாதிரி போறீங்க."

"ஏழு பேரு ஒன்னா வராங்க. நேராப் போயி நிக்கச் சொல்றியா?"

"ஏழுன்னு எண்ணிட்டே இருந்தா பயம்தான் வரும்."

"எண்ணினாத்தான் எனக்குப் பயம் போகும்" என்றேன். அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அன்று மாலை வழக்கம் போலச் செபமாலை சொன்னோம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே முறைதான். அருள் நிறைந்த மரியே மந்திரத்தின் முதல் பாதியை நான் சொல்வேன், இரண்டாம் பாதியை அவள் சொல்வாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இடைவெளி விட்டுச் சொல்கிற பழக்கம் இல்லை. நான் கடைசி வார்த்தையை முடிக்கும் முன்பே அவள் தன் முதல் வார்த்தையைத் தொடங்கிவிடுவாள். அவள் முடிப்பதற்குள் நான் அடுத்ததைப் பிடித்துக்கொள்வேன். ஓட்டு வேயும்போது ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு ஏறி உட்காருவது போல. சாவு வீட்டுக்குச் செபமாலைக்குப் போனாலும் முழு ஊரும் அப்படித்தான் சொல்லும். வெளியூர்க்காரர்கள் நாங்கள் அவசரப்படுகிறோம் என்று நினைப்பார்கள். அவசரம் இல்லை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பத்துப் பத்தாகச் சொல்லும் மந்திரங்களில் மூன்றாம் பத்தின் நடுவில் அவள் நிறுத்திவிட்டாள். செபத்தின் நடுவில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஏங்க. இப்பிடி ஆடனா என்னா?"

"எப்பிடி?"

"நீங்க ஓட்டற பாதில நான் சுட மாட்டேன். நீங்க முடிக்கப் போறப்ப நான் புடிச்சுக்கறேன். நான் சுடற பாதில நீங்க நவுத்தக் கூடாது. நான் முடிக்கறப்ப நீங்க புடிச்சுக்கங்க."

"முதல்ல இத முடி. பத்துல ஆறுதான் ஆயிருக்குது."

மறுநாள் அப்படி ஆடினோம். வாயில் செபம் இல்லை, ஆனால் அந்த நடை கைக்குத் தெரிந்திருந்தது. நான் கப்பலை ஒதுக்கி நிறுத்துவேன், நிற்பதற்கு ஒரு நொடி முன்பே அவள் குண்டு கிளம்பிவிடும். கடைசிக் குண்டு போய்ச் சேரும் முன்பு நான் நகர்ந்துவிடுவேன். முப்பத்தியிரண்டு குளவி. டேங்கர் ஒன்று. எல்லாம் போயிற்று. இருவரும் போனை வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அவளுக்கு ஒரு கவலை வந்தது. செபமாலையில் கற்றதைச் சுடும் விளையாட்டில் பயன்படுத்துவது பாவமில்லையா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டாள். அவர் வயதில் எங்கள் மகனைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனாவது கட்டத்துல இருக்கீங்கம்மா?" என்றார்.

நாங்கள் ஆடும் விதத்தை மகனிடம் போனில் சொன்னோம். அவன் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டான். யார் முதலில் நிறுத்துகிறோம், எவ்வளவு முன்னால் அம்மா பிடித்துக்கொள்கிறாள், தப்பானால் என்ன ஆகிறது. அவளும் நானும் ஒரே சமயத்தில் பதில் சொன்னோம்.

அடுத்த முறை வந்தபோது ஒரு புதிய விளையாட்டைக் கொண்டுவந்தான். அதில் ஒரே ஒரு துப்பாக்கிதான் இருந்தது. கப்பல் நகரும்போது துப்பாக்கி குளிர்ந்து கிடக்கும், சுடும்போது கப்பல் நகராது. ஆனால் ஒருவர் முடிப்பதும் மற்றவர் தொடங்குவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அந்தச் சின்ன நேரத்தில் சுட்டால், குண்டு நான்கு மடங்கு பலமாகப் போகும். கப்பல் உடைந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஒரே ஆளின் இரண்டு கட்டைவிரலுக்கு அந்த நேரம் அமையாது. ஒரு கப்பலுக்கு இரண்டு பேர் வேண்டும்.

இன்னொன்றும் செய்திருந்தான். எத்தனை எதிரி மிச்சம் என்ற எண், ஓட்டுகிறவரின் பக்கத்தில் மட்டும் தெரியும்படி வைத்திருந்தான். பெங்களூரில் அவனும் அவன் சிநேகிதனும் ஆளுக்கொரு போனில் ஆடிப் பார்த்தார்களாம். அப்போது சுடுகிறவருக்கு எண் தெரியாது; ஒரே போனில் ஆடும் எங்களுக்கு அது என் ஓரத்தில் சின்னதாக வரும். ஓட்டுகிறவர்தான் வாயால் சொல்ல வேண்டும்.

"அம்மா சொன்னாங்கப்பா, நீங்க எண்ணினாத்தான் உங்களுக்குப் பயம் போகும்னு. அதான் வெச்சேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபீசில் இதைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. இன்னொருத்தருக்காகக் காத்திருந்து சுடுகிற விளையாட்டை எவன் ஆடுவான் என்று சிலர் கேட்கிறார்களாம். நாற்பது துப்பாக்கிக் கட்சி பலமாகத்தான் இருக்கிறது. அவன் சோதனைக்காக எங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறான், நாங்கள் ஆடிக்கொண்டே இருக்கிறோம். ஆடும்போது அவளுடைய இடது கை தொங்கிவிடாமல் இருக்க, போனைப் பிடித்த என் கைக்கு மேல் அதை எடுத்து வைத்துக்கொள்வேன். விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைப்பேன். பயிற்சி என்று சொன்னால் கையை இழுத்துக்கொள்வாள். வண்டிக்காக என்றால் விட்டுவிடுவாள்.

போன புதன்கிழமை மதியம் ஆடினோம். மகன் பெங்களூரிலிருந்து தன் கம்ப்யூட்டரில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தான். கடைசிக் கட்டம். டேங்கருக்கு முன்னால் குளவிகள்.

"அஞ்சு" என்றேன். அவள் சுட்டாள். "மூணு."

நான் கப்பலை நிறுத்தினேன். அவள் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம். சுடுவதற்குப் பதில் கப்பல் கீழே இறங்கியது. மெதுவாக, கோணலாக. நான் கையை அசைக்கவில்லை. கப்பல் இறங்கிப் பாறையில் மோதி உடைந்தது.

"அப்பா, ஏன் கீழ எறக்குனீங்க?" என்றான் மகன். "கீழ பாறைன்னு தெரியுமில்ல?"

கை வழுக்கிவிட்டது போல என்று சொல்ல வாயெடுத்தேன். குனிந்து பார்த்தேன். போன் கண்ணாடியில் என் கட்டைவிரலை ஒட்டி இன்னொரு கட்டைவிரல் இருந்தது. என் கைமேல் நான் வைத்த இடத்தில் அது இல்லை. வெட்ட அந்தக் கையை அவள் நீட்டாததால் வளர்ந்திருந்த நகம், கண்ணாடியில் லேசாகக் கீறிக்கொண்டிருந்தது. இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

"அவரு எறக்கல சாமி" என்றாள். "நான் எறக்குனேன்."

அவன் பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வெரலக் கொஞ்சம் தள்ளி வெய்யுங்க. எடம் பத்தல. இன்னொருக்கா போடுங்க, மூணு குளவிதான பாக்கி."