லின்டன்ஹோஃப் சந்தியில் சாப்பாட்டு நேரம்

காலை எட்டரை மணிக்கு பிராங்பேர்ட்டில் எஸ்-பான் ரயில் ஏறும்போதே எனக்கு எரிச்சல்தான். 2007 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. வங்கியின் கம்ப்யூட்டர்களோடு ஐந்து நாள் மல்லுக்கட்டியவள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டிய காலை. ஆனால் வியாழனன்று மகேசக்கா போன் செய்து, "பிள்ளை, சனிக்கிழமை ஒருக்கா வந்திட்டுப் போம். இஞ்சை ஒரு கூட்டம் வைக்கினம். பக்கத்திலை ஒரு ஆள் இருந்தா எனக்கு நல்லம்" என்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷி. மறுக்க வாய் வரவில்லை.

நான் திருச்சிக்காரி, மகேசக்கா யாழ்ப்பாணம். பிராங்பேர்ட்டில் நான்கு வருடம் ஒரே கட்டடத்தில் மேல்வீடும் கீழ்வீடுமாக இருந்தோம். அவர் கணவர் தில்லையண்ணை விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் பிரிவில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து விழுந்தார். அதன் பிறகு இருவரும் லின்டன்ஹோஃப் என்ற முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். பராமரிப்பு இல்லமும் தனி வீடுகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பிப் போனார்கள். அண்ணை இருக்கும் இல்லத்துக்கும் அக்கா இருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலை ஓடுவதை விளம்பரம் சொல்லவில்லை.

டார்ம்ஸ்டாட் வரை நாற்பது நிமிடம், டிக்கெட் ஆறரை யூரோ. அங்கிருந்து ஓடன்வால்ட் மலைப்பக்கம் போகும் பஸ்ஸில் இருபத்திரண்டு கிலோமீட்டர். முதல் பத்தொன்பதும் அரை மணியில் ஓடிவிட்டன. கடைசி மூன்றுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆனது. முன்னால் பிள்ளைகளோடு பெற்றோரைப் பார்க்க வந்த கார்கள், சாமான் ஏற்றிய லாரி, செங்கல் வண்டி. அவற்றுக்கு இடையில் வெள்ளையும் பச்சையுமாகக் கோல்ஃப் வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் தலை. ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் கைகளைப் போட்டுக்கொண்டு, "எல்லாருக்கும் இங்கே வந்துதான் வயதாகிறது. சாலை மட்டும் என் அப்பா காலத்துச் சாலை" என்றார். ஊரில் என்றால் இதற்குள் பத்து ஹாரன் அடித்திருப்பார்கள். இங்கே அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

பத்தே முக்கால் மணிக்கு மகேசக்கா வீடு. முழங்கால் இரண்டுக்கும் பட்டை கட்டியிருந்தார். அடுப்பில் குழைவாக வெந்த சோறு, பருப்பு, முள் எடுத்த மீன்.

"இரும், தேத்தண்ணி குடியும். பதினொண்டரைக்கு வெளிக்கிடுவம். அவர் பன்னிரண்டுக்குத்தான் சாப்பிடுவார்."

விஷயம் இதுதான். பக்கவாதத்துக்குப் பிறகு தில்லையண்ணைக்கு இருபது வருடத்து ஜெர்மன் அடியோடு போய்விட்டது. தாதிகள் கரண்டியை நீட்டிச் சொல்வது எதுவும் அவருக்குப் புரிவதில்லை, வாயை இறுக்கிக்கொள்கிறார். அக்கா போய் "ஆ காட்டுங்கோ" என்றால் திறக்கிறார். பனிக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போக முடியாதபோது ஆள் பாதியாக இளைத்து, கடைசியில் வயிற்றில் குழாய் போட்டு ஊட்டுவதா என்று டாக்டர் பேசும் நிலைக்கு வந்துவிட்டது.

"தாதிகளுக்கே அதைச் சொல்லிக் கொடுத்துடலாமே அக்கா?"

"சொல்லிக் குடுத்தனான். அதுகள் சொல்லுற விதத்தைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சுப்போட்டு வாயை மூடினவர் மூடினதுதான்."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு அவர் கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு போய்விட்டது. சந்தியில் கோல்ஃப் வண்டிகள் அடிபடப் பார்க்கின்றன, அவற்றை நெடுஞ்சாலை கடக்க விடலாமா கூடாதா என்று நிர்வாகம் இன்று மூன்று மணிக்கு முடிவு சொல்லப்போகிறது. வண்டி இல்லாவிட்டால் அக்காவின் முழங்கால்கள் அறுநூறு மீட்டர் போகாது. போய்வருவதற்காகவே பக்கத்துக் கோல்ஃப் மைதானம் கழித்துவிட்ட பழைய வண்டியை ஆயிரத்து எண்ணூறு யூரோவுக்கு வாங்கியிருந்தார்.

வண்டிக்குக் கதவு இல்லை, இடுப்புப் பட்டை இல்லை. மின்சாரத்தில் ஓடுவதால் சத்தமும் இல்லை. பின்னால் சிறிய இன்சூரன்ஸ் நம்பர் தகடு. நான் சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்தேன். குடியிருப்புக்குள்ளேயே நெரிசல். நான்காவது கட்டடம் எழும்பிக்கொண்டிருக்க, லாரி வழியை அடைத்து நின்றது. மருந்துக்கடை வாசலில் இருபுறமும் வண்டிகள். காதில் கருவி மாட்டிய ஒரு பெரியவர் பின்பக்கம் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து எங்கள் மேல் உரசப் பார்த்தார். அக்கா வண்டியை வெடுக்கென்று ஒடித்தார்.

சந்திக்கு வந்தோம். ஜெர்மனியில் கார் ஓட்டுகிறவர்கள் தாய்ப்பால் போலக் குடித்து வளர்ந்த விதி ஒன்று உண்டு: பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலது பக்கமிருந்து வருகிறவருக்கே முதலிடம். இந்தச் சந்தியும் அப்படித்தான் இருந்தது. நெடுஞ்சாலையின் இப்பக்க வரிசைக்குக் குடியிருப்புத் தெரு வலப்பக்கம் என்பதால் பெரியவர்கள் தலையைத் திருப்பாமலே ராஜநடையாக வெளியே வருவார்கள், நெடுஞ்சாலைக் கார்கள் நின்று வழிவிடும். போக்குவரத்து பெருகியதும் போன மாதம் நெடுஞ்சாலைக்கு முன்னுரிமை கொடுத்து, தெருமுனையில் வழிவிடச் சொல்லும் தலைகீழ் முக்கோணம் நட்டுவிட்டார்கள். பலகை மாறிவிட்டது. எண்பது வயதுக் கழுத்துகள் மாறவில்லை.

அக்கா முக்கோணத்துக்கு முன்னால் நின்றார். எங்கள் பக்கத்து வரிசையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு காரோட்டி நின்று இடைவெளி விட்டு, போங்கள் என்று கையசைத்தார்.

"அவர் விடுறார் அக்கா, போகலாமா?"

"அவர் விடுவார். அவருக்கு அங்காலை வாறவன் விடுவானோ? பொறும்."

பின்னால் ஒரு வண்டி பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் கிராமர். டார்ம்ஸ்டாட்டில் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர், அதாவது வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் ஒதுங்க, தான் ஒதுங்காமல் போன மனிதர். எங்களைச் சுற்றிப் புல்லில் ஏறி, தொப்பியைத் தொட்டு அக்காவுக்கு வணக்கம் வைத்துவிட்டு நேராக இடைவெளிக்குள் புகுந்தார்.

சனிக்கிழமை என்றால் ஓடன்வால்ட் வளைவுகளுக்கு மோட்டார் சைக்கிள்காரர்கள் படையெடுப்பார்கள். அதில் ஒருவன் நின்ற கார்களை முந்திக்கொண்டு வந்தான். டயர் கிறீச்சிட்டது. "ஐயோ" என்று அக்கா கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது மோட்டார் சைக்கிள் எதிர்ப்புறப் புல்லில் சாய்ந்து கிடந்தது, ஓட்டியவன் எழுந்து நின்றான். கிராமரின் வண்டி சாலை நடுவில் குறுக்கே நின்றது. பக்கக் கண்ணாடியைக் காணோம். ஒரு மயிரிழை. இருவருக்கும் அடியில்லை.

"முக்கோணம் கண்ணில் படவில்லையா?" என்று அவன் கத்தினான்.

கிராமர் வெளுத்த முகத்தோடு, "நான் வலது பக்கமிருந்து வந்தேன்" என்றார். மறுபடியும், "வலது பக்கமிருந்துதானே வந்தேன்?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டபின் வரவில்லை.

தில்லையண்ணையின் அறைக்குப் போனபோது பன்னிரண்டரை. கட்டிலில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முள் இருக்கிறதா என்று மீனை விரலாலேயே தடவிப் பார்த்து, "ஆ காட்டுங்கோ" என்றார். வாய் திறந்தது.

மூன்று மணிக் கூட்டத்தில் விவாதத்துக்கே இடமில்லை. காலைச் சம்பவம் எங்களுக்கு முன்னமே மண்டபத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. சிக்னல் விளக்கு வரும்வரை, அது எப்போது என்று சொல்ல முடியாது, நாளை முதல் கோல்ஃப் வண்டிகள் சந்தியைக் கடக்கக் கூடாது என்றார் நிர்வாகி அம்மையார். பிற்பகல் இரண்டுக்கும் மாலை நான்குக்கும் சிற்றுந்து வரும், பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு எதுவும் இல்லை. அக்கா எழுந்து தன் ஜெர்மனில் கணவரின் நிலையைச் சொன்னார். அந்த அம்மையார் கெட்டவர் அல்ல, பொறுமையாகத்தான் கேட்டார். "உங்களை அந்தச் சாலையில் பொறுக்கியெடுக்க என்னால் முடியாது" என்றார். அவர் சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி. எனக்கு மண்டபத்துச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். ஞாயிறு காலை அக்கா வழக்கம்போலச் சமைத்தார். சாப்பாடு எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"ஒரு தாதிப் பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போகும் எண்டு சொன்னது. நீர் வெளிக்கிடும், பதினொண்டரை பஸ்ஸை விட்டால் பிறகு பின்னேரம்தான்."

அரைமனதாக நம்பினேன். பஸ் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக் கூட்டம், இரு திசையிலும் கார், இடையிடையே மோட்டார் சைக்கிள். சந்தி நெருங்கும்போது ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார்.

சாலையில் மகேசக்கா. தள்ளு நடைவண்டியின் கூடையில் கேரியர். இடது கை வண்டிப் பிடியில், வலது கை தோளுக்கு மேலே உயர்ந்து உள்ளங்கை எங்களைப் பார்த்து நின்றது. திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் நாள் முழுக்கப் பார்க்கலாம் இப்படி. கையைக் காட்டிக்கொண்டே வாகன வெள்ளத்துக்குள் இறங்குவார்கள், வெள்ளம் பிரியும். அதை நாகரிகம் கெட்ட பழக்கம் என்று ஆபீஸ் நண்பர்களிடம் கேலி செய்தவள் நான். திருச்சி ஓட்டுநருக்கு அந்தக் கை தெரியும். இங்கே யாருக்குத் தெரியும்?

"கதவைத் திறங்கள்" என்று கத்தினேன்.

"நிறுத்தத்தில் மட்டும்தான் திறக்கலாம்" என்றார் ஓட்டுநர். ஆனால் பஸ்ஸைச் சற்றே இடதுபுறம் வளைத்து, பின்னாலிருந்து யாரும் முந்த முடியாதபடி குறுக்கே நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டார். எதிர்த்திசையில் ஒரு கார் நின்றது. அதைத் தாண்டி எதுவும் பாய்ந்து வருகிறதா என்று என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா ஒரு காலை வைப்பார், மறுகாலை இழுப்பார். பாதிச் சாலையில் வலி தாங்காமல் நின்றார். கையை மட்டும் இறக்கவில்லை. நான் கண்ணாடியில் இரு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதேன்.

அக்கரை சேர்ந்ததும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் இல்லத்தின் சரிவில் ஏறினார்.

டார்ம்ஸ்டாட்டில் இறங்கியதும் போன் செய்தேன். திட்டுவதற்கென்றுதான் செய்தேன். வாயில் வந்தது வேறு.

"சாப்பிட்டாரா அக்கா?"

"ஓம் பிள்ளை, முழுக்கச் சாப்பிட்டவர்." கேரியரை அடுக்கும் சத்தம் கேட்டது. "நாளைக்குத் திங்கட்கிழமை எல்லே, லொறியளும் வரும். கொஞ்சம் வெள்ளென வெளிக்கிட வேணும்."