நீலப் புழு

ரிங்லெட் அணைக்கட்டு ஏரியில் முனியாண்டியை இப்போது யாரும் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலோடு அங்கேதான் பழியாகக் கிடப்பான்.

தேயிலைத் தோட்டத்தில் அவனுக்கு மருந்தடிக்கும் வேலை. நீல மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்து முதுகில் சுமந்து செடிகளுக்கு அடிக்க வேண்டும். சாயங்காலம் அவன் வியர்வைகூட நீலமாய்த்தான் வடியும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இந்தப் புண்ணியவானுக்கு விஷமே பழகி இனித்துவிட்டது.

எழுபத்தெட்டில் துரை வீட்டு விருந்தாளி ஒருவர் கிழிந்த ரப்பர் புழுக்களைக் குப்பையில் எறிந்துவிட்டுப் போனார். தூண்டிலில் மாட்டுகிற, தொட்டால் நெளிகிற பொய்ப்புழு. முனியாண்டி அவற்றைப் பொறுக்கிவந்து, பால் டின்னில் உருக்கி, காய்ந்த களிமண் அச்சில் ஊற்றினான். வீடு முழுக்கக் கண்ணெரியும் புகை. மஞ்சள் கலந்தான், குங்குமம் கலந்தான். மீன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் மருந்து ஸ்டோரிலிருந்து ஒரு பிடி நீலத்தூளை மடியில் கட்டிவந்து கலந்தான். மிச்சத்தைச் சோம்பு போட்ட சீனிப்பாகில் குழைத்துப் புழுக்களின் மேலே பூசினான். அந்த ஞாயிறு கூடை நிறைந்தது.

அவன் மனைவி வடிவம்மாள் தடுத்துப் பார்த்தாள்.

"ஸ்டோர் மருந்த அடுப்படிக்குக் கொண்டாராதீங்கலா. புள்ள நடமாடுற வீடு."

"போடி, தெனம் முதுகுல சொமக்குறேன். எனக்கு என்னா ஆயிருச்சு?"

அச்சு கழுவிய தண்ணீரைக் குடித்த கோழி செத்தது. கோழிச்சீக்கு என்றான். அவள் நம்பவில்லை. புழுக்கள் காயும் தட்டை அவள் பரண்மேல் ஏற்றுவாள். காற்றுப் படட்டும் என்று அவன் ஜன்னல் கட்டையில் இறக்கி வைப்பான்.

அன்றைக்கும் இறக்கி வைத்துவிட்டுத்தான் ஏரிக்குப் போனான். வடிவம்மாள் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவன் மீனோடு திரும்பியபோது, மூன்று வயது மகள் காளியம்மா வாசலில் உட்கார்ந்து சிரித்தாள். பல்லெல்லாம் நீலம்.

"அப்பா, முட்டாய் இனிக்குது."

காய்கறி லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டாள். என்ன தின்றாள் என்று டாக்டர் கேட்டார். ஸ்டோர் மருந்து என்றால் திருட்டு. திருட்டென்றால் வேலை போகும், வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போகும்.

"சொல்லுங்க," என்றாள் வடிவம்மாள்.

"முட்டாய்ங்க," என்றான் முனியாண்டி.

பெற்ற தகப்பன் சொன்ன சொல் அது. வடிவம்மாள் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த புழுத் தட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மருந்து, டாக்டர். தோட்டத்து மருந்து."

பிள்ளை பிழைத்தாள். வேலை போயிற்று, வீடும் போயிற்று. பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குக் குடிபோனார்கள். வடிவம்மாள் அவனுக்குச் சோறு போட மறுத்ததில்லை. ஆனால் காளியம்மாவுக்கு அவன் முட்டாய் வாங்கிவந்தால் மட்டும், முதல் முட்டாயை அவனையே தின்னச் சொல்லிவிட்டு, அவன் விழுங்கும்வரை எதிரே நின்று பார்ப்பாள்.