திரை பச்சையாகத்தான் இருந்தது

அஞ்சலை என்ற பெண்ணின் சாவுக்குக் காரணம் நான். அந்தப் பழியை அவள் கணவர் ஏழுமலையின் தலையில் ஏற்றிவிட்டு, அவர் கும்பிட்டபோதெல்லாம் தலையசைத்து ஏற்றுக்கொண்டு, இத்தனை ஆண்டுகள் நல்லவனாக நடமாடியவனும் நான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்... ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்தவன். திருவண்ணாமலையில் கணினி என்றால் ஜாதகம் கணித்துத் தரும் கடைதான் என்றிருந்த காலத்தில், நானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மென்பொருள் செய்தேன். 'நாடி' என்று பெயர் வைத்தேன். பழைய இயந்திரங்களுக்கு நாடி பார்ப்பதுதான் அதன் வேலை.

எப்படி என்று கேட்பீர்கள். இயந்திரம் நலமாக ஓடும் ஒரு நாளில் அதன் அதிர்வைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு அடிப்படை என்று பெயர். பிறகு தினமும் காலையில், காந்தம் வைத்த உணர்கருவி ஒன்றை பேரிங் மேல் ஒட்டவைத்து அன்றைய அதிர்வை எடுத்தால், 'நாடி' அதை அடிப்படையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பெரிய வித்தியாசம் இல்லையென்றால் திரையில் பச்சை. கொஞ்சம் கூடினால் மஞ்சள். மிகவும் கூடினால் சிவப்பு. உடைந்து நிற்பதற்கு முன்பே பழுது தெரிந்துவிடும். புதிது வாங்க வழியில்லாத ஆலைக்காரருக்குப் பழையதே இன்னும் பல காலம் உழைக்கும்.

நல்ல பொருள்தான் அது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். என்னைப் போன்ற ஒருவன் கையில் இருந்ததுதான் அதன் ஒரே பழுது!

அவலூர்ப்பேட்டை சாலையில், ஊரைத் தாண்டி ஓர் அரிசி ஆலை. அங்கேதான் முதலில் 'நாடி'யைப் பொருத்தினேன். உமியையும் தவிட்டையும் உறிஞ்சித் தள்ளும் பெரிய ப்ளோவர் ஒன்று அங்கே இருந்தது. ஆள் உயர விசிறிச் சக்கரம் இரும்புத் தகட்டுக் கூண்டுக்குள் சுழலும். முதலாளியின் அப்பா காலத்து இயந்திரம். அதை ஓட்டியவர் ஏழுமலை. அவர் மனைவி அஞ்சலை அதே ஆலையில் தவிடு பிடித்து மூட்டை கட்டுவாள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மஞ்சுளா அவர்களுக்கு ஒரே மகள்.

ஏழுமலைக்கு என் மென்பொருளின் மேல் அத்தனை பிரியம்! காரணம் உண்டு. அதற்கு முன்பெல்லாம் ஏதாவது சத்தம் மாறினால் அவர் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். முதலாளி கத்துவார்.

"பல்லி கத்தினாகூட மிஷின நிறுத்துவான் இவன்! ஏம்பா, ஆலை ஓட்ட வந்தியா, சகுனம் பாக்க வந்தியா?"

'நாடி' வந்த பிறகு அந்த ஏச்சு நின்றது. ஏழுமலை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "இப்பல்லாம் நான் வாயே தொறக்கறதில்ல சார். தோ பாருங்க, கம்ப்யூட்டரே சொல்லுதுன்னு காட்டிடறேன். மொதலாளி கம்முனு போயிடறாரு."

கவனித்தீர்களா? தன் வாயை மூடிக்கொண்டு, என் திரையைப் பேசவிட்டார் அந்த மனிதர். அவ்வளவு நம்பிக்கை.

ஒரு வருடம் கார்த்திகை தீபத்துக்கு முன்பு ப்ளோவர் சிவப்பு காட்டத் தொடங்கியது. நான் போய்ப் பார்த்து பேரிங்கை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். மறுநாளும் சிவப்பு. பெல்ட்டை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். மீண்டும் சிவப்பு. எனக்குக் காரணம் விளங்கவில்லை. கூண்டைப் பிரித்து உள்ளே சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு ஆலையை இரண்டு மூன்று நாள் நிறுத்தியாக வேண்டும்.

முதலாளி ஆட்கள் முன்னிலையிலேயே சிரித்தார். "மிஷினுக்கு டாக்டர்னு கூட்டியாந்தா, டாக்டருக்கே ஜொரம் போலக்கீதே! சார், தீபத்துக்கு அன்னதான அரிசி கேட்டு லாரி வாசல்ல நிக்குது. இப்ப போயி கூண்ட பிரிக்கறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆரணியிலிருந்து சில ஆலைக்காரர்கள் 'நாடி'யைப் பார்க்க வருவதாக இருந்தது. நான்தான் அழைத்திருந்தேன். பல மாதங்களாக நான் ஏங்கிக் காத்திருந்த நாள்! அவர்கள் வந்து பார்க்கும்போது திரை சிவந்து கிடந்தால்? 'பேரிங்கும் மாத்தியாச்சு, பெல்ட்டும் மாத்தியாச்சு, இன்னும் கத்துது' என்று முதலாளி அவர்களிடமும் சிரித்தால்?

அன்று மாலை ஆலை அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ப்ளோவர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அன்றைய அதிர்வை எடுத்து, புதிய அடிப்படையாகப் பதிவு செய்தேன்.

புரிகிறதா உங்களுக்கு? நோயில் நடுங்கும் உடம்பைக் காட்டி, 'இதுதான் ஆரோக்கியம், இனி இதோடு ஒப்பிட்டுக்கொள்' என்று என் மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்தேன். முழுப் பராமரிப்பு செய்த பிறகுதான் அடிப்படையை மாற்றலாம் என்று விதி எழுதியவனே நான்தான்! 'பழைய அடிப்படை அழிந்துவிடும், சம்மதமா?' என்று திரை கேட்டது. அந்தக் கேள்வியையும் நான்தான் எழுதியிருந்தேன். சம்மதம் என்று விசையை அழுத்தினேன்.

திரை பச்சையானது.

ஆரணிக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வியந்தார்கள். எங்கள் ஆலைக்கும் வேண்டும் என்றார்கள். முதலாளி என் தோளில் கை போட்டுக்கொண்டார். தீபம் முடியட்டும், கூண்டைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபம் முடிந்தது. ஆரணி வேலை என்னை இழுத்துக்கொண்டது. பார்த்துவிடலாம், பார்த்துவிடலாம்... பச்சையைப் பார்த்துப் பார்த்து, அது பச்சைதான் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். இப்படி ஒரு மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்காதீர்கள். முடிகிறது.

பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் பேருந்து நிலையத்தில் ஏழுமலை எதிர்ப்பட்டார். அஞ்சலையும் கூட இருந்தாள்.

"சார், ப்ளோவர் மேடை மேல ஏறி நின்னா கால்ல ஆட்டம் ஜாஸ்தியா தெரியுது. ஆனா பச்சதான் காட்டுது. ஓட்டலாமா?"

"பச்சைதானே காட்டுது? அப்புறம் என்ன ஏழுமலை?"

"அதான் நானும் சொன்னேன் சார்" என்றாள் அஞ்சலை. "இதுக்கு எப்பவும் பயம். வூட்ல மிக்சி சத்தம் மாறினாகூட ஓடியாந்து சுவிட்ச அணைக்கும்!"

மூவரும் சிரித்தோம். ஆம், நானும் சிரித்தேன்.

பொங்கல் கழிந்து சில நாட்களில், ஒரு காலை நேரம், ப்ளோவரின் சக்கரம் உடைந்தது. இறக்கைகளைப் பிடித்திருக்கும் நடுத்தட்டில் விரிசல் இருந்திருக்கிறது. பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் போகாத விரிசல். பிய்ந்த இறக்கை ஒன்று கூண்டுத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கீழே அஞ்சலை மூட்டைக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

அன்று காலையும் ஏழுமலை அதிர்வை எடுத்துப் பார்த்திருக்கிறார். திரை பச்சையாகத்தான் இருந்தது.

விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர் வந்தார். என்னையும் அழைத்தார்கள். அலுவலகத்தில் நான், முதலாளி, அவர், சுவரோரமாக ஏழுமலை. ஏழுமலையின் கண்கள் எதையும் பார்க்கவில்லை. வந்தவர் என்னிடம் கேட்டார்.

"கருவிய சரியா ஒட்ட வைக்கலன்னா இப்படித் தப்பா பச்சை காட்டுமா சார்?"

அந்த அறையில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறந்தேன்.

"காட்டலாம்" என்றேன்.

பொய்யில்லை பாருங்கள்! கருவி சரியாக ஒட்டாவிட்டால் அளவைக் குறைத்துத்தான் காட்டும். எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அந்த ஒரு சொல்லில் ஒரு மனிதரின் வாழ்க்கையை மூடிவிட்டேன். 'இயக்கியவரின் கவனக்குறைவு' என்று முடிந்தது. சுவரோரமாக நின்ற ஏழுமலை தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தினமும் கருவியை ஒட்டவைத்த கை அது.

அதன் பிறகு நான் செய்ததைக் கேட்டால் இன்னும் அருவருப்பீர்கள். அவர் மேல் வழக்கு வேண்டாம் என்று முதலாளியிடம் பேசினேன். எங்கள் பாலிடெக்னிக் விடுதியில் அவருக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. ஏழுமலை என் வீட்டு வாசலில் நின்று கும்பிட்டார். ஒவ்வோர் அறுவடைக்கும் பை நிறைய மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொண்டுவந்து வைத்தார். "நீங்க இல்லன்னா நான் உள்ள இருந்திருப்பேன் சார்." என் மனைவி அதை அவித்து வைப்பாள். நான் தின்றேன்.

மஞ்சுளாவைப் போளூரில் தாய்மாமன் வீட்டில் வளர்த்தார்கள். 'உங்கப்பன் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா உங்கம்மா உயிரோட இருந்திருப்பா' என்பதைக் கேட்டே அவள் வளர்ந்தாள். தகப்பனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் பார்க்கப் போனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளாம்.

என்னை இயந்திரங்கள் விடவில்லை. பேருந்தில் ஏறினால் உள்ளங்கை தானாகவே கம்பியைப் பற்றி அதிர்வைத் தேடும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கும்போதெல்லாம் நான் திடுக்கிட்டு எழுந்திருப்பேன். ஆரணியில் நான் பொருத்திய ஒவ்வொரு கணினியிலிருந்தும் நானே போய் 'நாடி'யை அழித்துவிட்டு வந்தேன். காரணம் கேட்டவர்களிடம் காலாவதியாகிவிட்டது என்றேன். யாரும் சந்தேகிக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதா? எதுவும் ஆகவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஏழுமலை என்னைத் தேடி வந்தார். இளைத்திருந்தார்.

"சார், பொண்ணு இங்க ஆஸ்பத்திரில நர்சா கீதாம். வேங்கிக்கால்ல ரூம் எடுத்துத் தங்கிக்கீது. அதுக்குக் கல்யாணமாம். எனக்குப் பத்திரிக வரல. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேக்கும் சார். அப்பன் வேணும்னு செய்யலன்னு சொல்லுங்க. அது போதும். நான் மண்டபத்துல ஒரு ஓரமா நின்னுட்டு வந்துடறேன்."

அந்த வார்த்தையை எப்படிச் சொல்வேன்? 'வேணும்னு செய்யல' என்றால், செய்தார் என்றுதானே பொருள்?

நான் மஞ்சுளாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்படையை மாற்றியது, பேருந்து நிலையத்தில் சிரித்தது, 'காட்டலாம்' என்றது. அவள் அழவில்லை. நாற்காலியின் நுனியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தன வருஷம் எங்கப்பா முகத்தப் பாக்காம இருந்தேன் சார்" என்றாள் கடைசியில். "அதைத் திருப்பிக் குடுப்பீங்களா?"



அன்றே அவள் தகப்பனைத் தேடிப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து, ஏழுமலை வந்து என் சட்டையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்காக ஏங்கினேன்!

அவர் வரவில்லை. நாலைந்து நாள் கழித்து மஞ்சுளாதான் வந்தாள்.

"அப்பா நம்ப மாட்டேங்கறாரு சார். பொண்ணு எங்கிட்ட வந்து சேரணும்னு சார் எம்பழிய வாங்கிக்கினாருன்னு சொல்றாரு. அவ்ளோ பெரிய மனுஷன் வாயால எனக்காகப் பொய் வந்துடுச்சேன்னு சோறே திங்கல. பொய்ய வெச்சி உன் கல்யாணத்துக்கு வர மாட்டேங்கறாரு." "அவருகிட்ட காட்ட எதுனா ஆதாரம் இருக்கா?" என்றாள்.

இல்லை. பழைய அடிப்படை, நான் விசையை அழுத்திய அந்த மாலையே அழிந்துபோய்விட்டது. நான் குற்றவாளி என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர உலகத்தில் வேறு சாட்சி இல்லை. அந்தச் சொல்லைத்தான் ஏழுமலை என் பெருந்தன்மை என்கிறார்!

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சார்" என்றாள் அவள். குரலில் ஈரமில்லை. "ஆமா, உனக்காகப் பொய்தான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிடுங்க. நான் அவர மன்னிச்சிட்டேன்னு சொல்லிக் கூட்டிக்கினு போறேன். எனக்கு எங்கப்பா வேணும். எப்டி வந்தாலும் சரி."

மன்னிக்க ஒன்றுமே இல்லாத மனிதரை மன்னித்து அழைத்துப் போக, அவளுக்கு என் இன்னொரு பொய் வேண்டியிருந்தது.

விடுதி வாசலுக்குப் போனேன். சொன்னேன். ஏழுமலையின் முகம் தெளிந்தது. "அப்டி சொல்லுங்க சார்! எனக்குத் தெரியாதா உங்கள?" என்று என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

திருமணத்தில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார். தாலி கட்டியதும் மணமக்களை நேராக என்னிடம்தான் அழைத்து வந்தார். "சார் கால்ல விழும்மா. இவருதான் நமக்கெல்லாம்..." என்றார்.

மாப்பிள்ளை விழுந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மஞ்சுளாவும் குனிந்தாள். அவள் விரல்கள் என் காலுக்கு ஒரு விரற்கடைக்கு முன்னால் நின்றன. தொடவில்லை. மாலைகளின் மறைவில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஏழுமலை என் கையில் அட்சதையைக் கொடுத்தார். நான் தூவினேன்.