கேப்பைத் தாள்மேல் வந்த பஸ்

ஓமந்தூர்ப் பக்கத்துச் சேரியில் பஸ் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் சவுரிராயன். தேவநாதன் என்பவரின் நிலத்தில் காலமெல்லாம் ஏர் ஓட்டியவர் அவருடைய அப்பா. மகன் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டினார்.

அதற்கு முன் ஓட்டியது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றும் லாரி. ஒரு மழைநாளில் அவர் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்க, சக்கரங்கள் சுற்றாமல் நின்றன, லாரி நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனின்றி வழுக்கிப் போய் வயலில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. லோடு இல்லாத நாட்களில் வல்லம் பக்கத்து வெறும் பாதைகளில் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தார். ஈரத்தில் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தால் சக்கரம் உருண்டுகொண்டே வேகம் தணிந்தது, வண்டியும் திருப்பின பக்கம் போனது. உதிரி ஜல்லியில் அப்படியில்லை. அங்கே அழுத்திப் பிடித்தால்தான் சக்கரத்துக்கு முன்னால் ஜல்லி குவிந்து வண்டியை சீக்கிரம் நிறுத்தியது. ஆனால் திருப்ப முடியாது.

1961 தை மாதம். கூட்டேரிப்பட்டு தாண்டி, வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று கேப்பைத் தாளை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். தூறலில் அது நனைந்து கிடந்தது. பஸ் அதன்மேல் ஏறிய நேரம், பக்கத்துப் பாதையிலிருந்து மிரண்ட மாடுகள் ஒரு வண்டியை ரோட்டுக்கு இழுத்து வந்தன. ஓட்டியவர் தேவநாதன். பின்னால் அவர் மகள் கிருஷ்ணவேணி, மடியில் குழந்தை.

"ஐயோ, மாடு!" முன் சீட்டில் இருந்த சவுரிராயனின் மனைவி அம்சவள்ளி அலறினாள்.

"கம்பியப் புடிச்சிக்கினு உக்காருங்க எல்லாரும்!" என்று கத்தினார் சவுரிராயன்.

மிதித்தார், விட்டார், மிதித்தார். பஸ் குலுங்கிக் குலுங்கி வேகம் குறைந்தது. இடது பக்கம் ஒடித்தார், திரும்பியது. ரோடு போடக் கொட்டி வைத்திருந்த ஜல்லியில் இறங்கியதும் நேராகப் பிடித்து ஒரே அழுத்து. ஜல்லி சிதற, ரோட்டோரப் புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது. மாட்டுவண்டியில் கீறல்கூட இல்லை.

தேவநாதன் ஓடி வந்தார். அதுநாள் வரை அவருக்கு இவர், "டேய் சவுரி"தான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலீங்களே?" என்று கேட்டார் தேவநாதன்.

"ஒண்ணும் இல்லீங்க. கொழந்தயப் பாருங்க மொதல்ல."

பஸ்ஸை ரோட்டுக்கு ஏற்றும்போது அம்சவள்ளி குனிந்து, "ஏய்யா, கேட்டுச்சா? ஒங்களுக்குன்னாரு!" என்றாள்.

"எனக்கும் காது இருக்குது," என்றார் அவர். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த பொங்கலுக்கு வந்த புது பஸ்ஸின் சாவியை முதலாளி அவரிடமே கொடுத்தார். எந்தப் பஸ்ஸும் நிற்காத தன் சேரி முனையில் நிறுத்தித்தான் முதல் டிரிப்பை அவர் எடுத்தார். அம்சவள்ளி பஸ்ஸுக்கு மாலை போட்டாள்.

"ஜல்தி ஏறுங்க, ஜல்தி!" என்று கண்டக்டர் கத்தினார். யார் ஏறினார்கள்? எல்லாரும் பஸ்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சவுரிராயனும் அவசரப்படுத்தவில்லை.