தெரியாதவர்கள் இடது கை

டீச்சர் ஆகப் படித்துக்கொண்டே டீச்சராக வேலை பார்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் என் கூட்டம்தான், நான் சொல்லியா தெரியவேண்டும்? திருச்செந்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பி.எஸ்ஸி. இருந்தது, பி.எட். இல்லை. அஞ்சல் வழியில் சேர்ந்தேன். "இந்த வருஷம் முடிக்கலைன்னா ஜூன்ல வர வேண்டாம்மா" என்று தாளாளர் நிதானமாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான்.

அரை டீச்சர்

பெற்றோர் கூட்டத்துக்கு உடன்குடியிலிருந்து ஒரு கருப்பட்டி வியாபாரி வந்தார். மகன் கணக்கில் இருபத்தெட்டு மார்க். "வீட்டுல கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் மார்க்கைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த என் பி.எட். புத்தகத்தைப் பார்த்தார். இடையில் ரெண்டு பக்கம் புரட்டலாம் என்ற நப்பாசையில் கொண்டுபோயிருந்தேன், புத்தி கெட்டவள். குரலை உயர்த்தாமல் கேட்டார்: "நீங்களே இன்னும் படிச்சிக்கிட்டுதான் இருக்கியளா? அப்ப எம் மவனுக்கு யாரு சொல்லிக் குடுக்கா?"

கேள்வி நேரம்

ஞாயிறுதோறும் தூத்துக்குடியில் வகுப்பு. முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். ஒரு ஞாயிறு பாடம், மாணவர்களைப் பேச விடுவது எப்படி. பேராசிரியர் நோட்டைப் பார்த்து மூன்று மணி நேரம் வாசித்தார், நாங்கள் எழுதினோம்.

ஐம்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷம், இதில் யாரைப் பேச விடுவது என்று எழுந்து கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. அவர் விரலை வரியிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "கேள்வியெல்லாம் கடைசில கேளும்மா. கடைசில நேரம் இருக்காது, இருந்தாலும் கடைசில கேளு."

செல்வி டீச்சர் சொன்ன வழி

பி.எட். தேர்வில் ஒரு பாடத்தை வெளியிலிருந்து வருகிற பரிசோதகர் முன்னால் என் வகுப்பிலேயே நடத்திக் காட்டவேண்டும். கேள்வி கேட்டால் வகுப்பே கை தூக்கவேண்டும், அதற்குத் தனி மார்க். எங்கள் பள்ளியின் சீனியர் செல்வி டீச்சர் வழி சொன்னார்: "தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. நீ வலது கையா பாத்துக் கேளுளா. பின்னால உக்காந்திருக்கவங்களுக்கு எல்லாம் கைதான்."

மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது; ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டேன். ஆலந்தலையிலிருந்து வருகிற ரோஸ்லின், கணக்கென்றாலே கண் கலங்குகிறவள், மூன்று நாளும் இடது கையை எல்லாரையும்விட உயரத் தூக்கினாள். சாயங்காலம் என்னிடம் வந்து உறுதிப்படுத்திக்கொண்டாள்: "இடது கைன்னா என்னைய எழுப்பவே மாட்டீங்கள்லா மிஸ்? அப்பச் சரி."

அன்றைக்கு

பரிசோதகர் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழித்தால் என்ன வரும் என்று கேட்டேன். ஐம்பது கைகளும் எழும்பின. ரோஸ்லின் தூக்கியிருந்தது வலது கை.

பதற்றத்தில் கை மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறொரு பெண்ணைக் கேட்டேன். அடுத்த கேள்விக்கும் ரோஸ்லின் வலது கை. மூன்றாவது கேள்விக்குப் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தேவிட்டாள். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஒரு தப்பான பதில் வந்தால் என் வேலை போயிற்று என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

பரிசோதகர், "பிள்ளைங்க பங்கேற்பு ரொம்ப நல்லா இருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மணி அடித்ததும் ரோஸ்லின் நோட்டோடு வந்து நின்றாள். முந்தின ராத்திரி உட்கார்ந்து போட்ட அதே மாதிரிக் கணக்குகள், இரண்டு பக்கம் நிறைய. அத்தனையும் சரி. நான் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது, அவள் முகம் அப்படி இருந்தது. சத்தமில்லாமல் சொன்னாள்: "நான் கை மாத்தித் தூக்கல மிஸ். எனக்குத் தெரியும்."

பி.எட். பாஸாகி, வேலையும் நிலைத்து, இப்போது நான் முழு டீச்சர். ரோஸ்லின்தான் என் வகுப்பில் எந்தக் கையையும் தூக்குவதில்லை.