தம்பியின் மரண அறிவித்தல்

போர் முடிந்த அந்த வைகாசியில் நான் கனடாவில் மோர்னிங்சைட் பக்கம் ஒரு தமிழ்ப் பத்திரிகைக் கந்தோரில் பேப்பர் மடித்துக்கொண்டிருந்தேன். கடைவாசல்களில் இலவசமாக வைக்கிற பத்திரிகை. அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். நாங்கள் நாலு பெண்கள் மேசையைச் சுற்றி நின்று, விளம்பரத் தாளை உள்ளே செருகி அடுக்குவோம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். என்றாலும் முன்பக்கத்தை விடமாட்டேன். என் தம்பியும் அவன் மனைவியும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். இயக்கத்தினர் பின்வாங்குவது ஒரு திட்டம், விரைவில் திருப்பி அடிப்பார்கள் என்றே எங்கள் பத்திரிகை கடைசிவரை எழுதியது. நம்பினேன். வேறு யார் எனக்குச் சொல்ல இருந்தார்கள்?

எல்லாம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, தாளைச் செருகப் பக்கத்தைப் பிரித்தால் உள்ளே தம்பியின் முகம். கல்யாணப் படத்தில் தலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். மரண அறிவித்தல். கனடாவில் வசிக்கும் அன்புச் சகோதரி என்று கீழே நானும் இருந்தேன்.

அழுகை வரவில்லை. அடுத்த பேப்பரை எடுத்துப் பிரித்தேன். அதிலும் இருந்தான்.

அங்கே வேலை செய்த பத்து வருடத்தில் ஆசிரியரின் முகம் பார்த்துக் கதைத்தது அன்றுதான்.

“உது உண்மையோ?” என்று தம்பியின் படத்தைக் காட்டினேன்.

“ஐயோ அக்கா, உங்கட சகோதரமோ? விட்பியில இருக்கிற அவற்ற மச்சான்தான் எழுதித் தந்தவர். தாறதை நாங்கள் போடுறம்.”

“முன்பக்கமும் அப்பிடித்தானோ?”

குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திரும்பிப்போய் மிச்சத்தையும் மடித்தேன். வேறு என்ன செய்வதென்று விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த மச்சானுக்கு, தம்பி மனைவியின் அண்ணனுக்கு, ஃபோன் எடுத்தேன்.

“ஆர் கண்டது?”

“ஆரோ கண்டதெண்டு ஆரோ சொன்னது, மச்சாள். என்ர தங்கச்சி அகதி முகாமில தனிய இருக்கிறாள். அவர் வந்து சேரேல்லை. நாங்கள் இன்னும் எத்தினை நாள் பாக்கிறது?”

பேப்பர் கடைகளுக்குப் போன பிறகு ஃபோன் ஓயவில்லை. செத்த வீட்டுக்குச் சொல்லுவதுபோல ஆறுதல் சொன்னவர்களுக்கும் ஓம் என்றேன். வோபர்னிலிருந்து ஒருத்தி, வேறொரு முகாமில் அவனைப்போல ஒருவரைக் கண்டார்களாம் என்றாள். அவளுக்கும் ஓம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனேன். கொப்பியோடு இருந்தவர், “இறந்தவற்ற ஆன்மாவுக்கோ அன்ரி, உயிரோட இருக்கிறவருக்கோ?” என்று கேட்டார்.

“பேரை மட்டும் வாசிக்கேலாதோ?”

“ரெண்டில ஒண்டு சொல்லவேணும், அன்ரி.”

பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

“உயிரோட.”

அவர் பேனையை நிறுத்தி, “பேப்பரில பாத்தனே, அன்ரி...” என்று இழுத்தார்.

“ஓம், நான்தான் மடிச்சனான். நீங்கள் உயிரோட எண்டு எழுதுங்கோ.”