வரிசையம்மா போட்ட ஒரே வரிசை

ஆபீஸில் அவளுக்கு வரிசையம்மா என்று பெயர். வீட்டிலும் லேசுப்பட்டவள் இல்லை. குளியலறைக்குக்கூட முறை வைத்திருந்தாள். "என் பொண்டாட்டி இருமல் வந்தாலும் முறைப்படிதான் இருமுவா" என்பார் கணவர். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

கிரேன் உச்சியிலிருந்து தரை சரியாகத் தெரியாது. கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்துத்தான் சரக்குப் பெட்டியை இறக்க வேண்டும். அந்தத் திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளை எழுதியவளே வரிசையம்மாதான். ஒவ்வொரு படமும் ஒரு வேலை. வேலைகள் கணினி மென்பொருளின் மையமான கர்னலுக்குள் வரிசையில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாகப் படம் வரையும் சிப்புக்குப் போகும். இரண்டு வருடம் முன்பு எதிர்மேஜைக்காரர் கேட்டார்: "சிப் சிக்கிக்கிட்டா ரீசெட் பண்ற வேலைக்குத் தனி வரிசை வேண்டாமா?"

"ரெண்டு வரிசை வச்சா ரெண்டும் அடிச்சுக்கும் சார். ஒண்ணு போதும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அன்று காலை பதினோரு மணிக்குப் புகார் வந்தது. முந்தின நாள் நாலாம் கிரேனின் திரை ஒன்பது நிமிடம் அசையாமல் நின்றதாம். கூடவே வந்த கிரேன் கணினியின் பதிவை வரி வரியாகப் படித்தாள். ஒரு வேலை சிக்கி நிற்கிறது. அதை விடுவிக்க வேண்டிய ரீசெட் வேலையோ அதே வரிசையில், அதற்குப் பின்னால்! முன்னது முடியாமல் பின்னது வராது. பின்னது வராமல் முன்னது முடியாது. மயங்கி விழுந்தவனைப் பார்க்க வந்த டாக்டரை, "வரிசையில வாங்க" என்று அவனுக்குப் பின்னாலேயே நிறுத்திய புத்திசாலித்தனம்.

சிக்கிய திரை கறுத்துப் போகாது. கடைசிப் படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இன்று நாலாம் கிரேனில் இருப்பது அவள் கணவர். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்.

மேலாளரிடம் ஓடினாள். "சார், எல்லா கிரேனையும் நிறுத்தச் சொல்லணும். இப்பவே!"

"பதறாதம்மா. டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்லலாம். பன்னிரண்டு கிரேனை நிறுத்திட்டு, தப்பே இல்லைன்னா யார் தலை உருளும்?"

"தப்பு இருக்கு சார். வச்சதே நான்தான்."

எதிர்மேஜைக்காரர் எழுந்து வந்தார். சொல்லிக்காட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவரோ துறைமுக மேற்பார்வையாளரின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினார்.

"யாரும்மா நீ, என் வேலையை நிறுத்த?" என்று மேற்பார்வையாளர் எகிறினார்.

"அந்தத் திரைக்கு சாஃப்ட்வேர் எழுதினவ. அதை நம்பாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்துங்க!"

போன் பட்டென்று வைக்கப்பட்டது. நிறுத்தினாரா, இல்லையா? இருபது நிமிடம் அவள் உயிர் அவளிடம் இல்லை.

கணவரின் எண் ஒளிர்ந்தது. "வயர்லெஸ்ல கத்தி, வேலை பாதியில என்னைக் கீழ இறக்கிட்டாங்க. திரையில ஏதோ தப்பாம். உன்னோடதா?"

"ஆமாங்க. என் தப்புதான்."

"பெட்டியைத் தூக்கிட்டேன், இறக்கறதுதான் பாக்கி. திரையில தரை காலியா இருந்துச்சு. கீழ வந்து பார்த்தா, அதே இடத்துல ஒருத்தர் குந்திக்கிட்டு மஞ்சக் கோடு அடிக்கிறார். பத்து நிமிஷமா அங்கதான் இருக்காராம்."

அவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

"அழாதே. எழுதினது யாருன்னு இங்க கேட்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"என் பேரைச் சொல்லுங்க" என்றாள். "அந்தக் கோடு அடிக்கிறவர்கிட்டயும் சொல்லுங்க."